அண்ணனின் சட்டையில் இருந்த சொல்

ரஷ்யாவிலிருந்து வந்த அந்தச் சஞ்சிகைத் தாளை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். உள்ளே இருந்ததை வாசித்தோமோ இல்லையோ, ஒவ்வொரு தை மாதமும் நம் கொப்பிகளுக்கு அதில்தான் உறை போட்டோம். என் கணக்குக் கொப்பியின் உறையில் ஒரு கோதுமை வயல். சமயக் கொப்பியின் உறையில் பனியில் சறுக்கிக்கொண்டு போகும் ஒரு பெண். அவளுடைய காலைப் பார்த்துவிட்டு சமய ரீச்சர் அந்தக் கொப்பியைக் குப்புற வைக்கச் சொன்னார். வழுவழுப்பான தாள். மாரி மழையில் எல்லாக் கொப்பியும் ஊறிப் பொருமும்போதும் அந்த உறை மட்டும் அசையாது. மூக்கோடு வைத்தால் மண்ணெண்ணெய்போல ஒரு வாசம்.

எங்கள் வீட்டில் அது மற்ற வீடுகளைவிடக் கூடுதலாகக் கிடந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, ரஷ்யாவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை விடுமுறையில் வந்தபோது அப்பாவுக்கு ஒரு மயிர்த் தொப்பி கொண்டுவந்தார். எங்கள் ஊர் தேற்றாத்தீவின் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அப்பா முற்றத்தில் நின்று வியர்த்ததைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. எனக்கு ஒரு மரப் பாவை. அண்ணனுக்குச் சட்டையில் குத்தும் ஒரு பட்ஜ்.

பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நீல நிறம், குறுக்கே வெள்ளி ரொக்கெட் ஒன்று, அடியில் ஒரு சொல். ரஷ்ய எழுத்தில் அது ‘கொஸ்மோஸ்’. ஆனால் ரஷ்யாக்காரனின் ‘ஸ்’ பார்வைக்கு ஆங்கில ‘சி’ எழுத்தைப் போலவே இருக்கும். மற்ற எழுத்துகளும் ஆங்கிலம் போலத்தான். அதனால் ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த யாரும் அதைக் ‘கொக்மொக்’ என்றே வாசித்தார்கள். அண்ணனின் வகுப்புக்காரர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். அண்ணன் கோபப்பட்டுத் திருத்தப் போனதால், அதுவே அவனுக்குப் பட்டமாகிவிட்டது. ஒரு மாதத்துக்குள் சங்கக்கடையில், துறையடியில், கோயில் வீதியில் எல்லாம் அவன் கொக்மொக்தான். அப்பாவின் பெயரைச் சொல்லி ‘அவர்ர மகன்’ என்றால் கூடச் சிலருக்கு விளங்காது.

வாவிக்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியில் அண்ணனோடு உட்கார்ந்து ஒரு பின்னேரம் கேட்டேன்.

“அண்ணன், கொஸ்மோஸ் எண்டா என்ன?”

“எல்லாம்.”

“எல்லாமெண்டா?”

“நீ, நான், இந்தத் தோணி, வாவி, சூரியன். அதுக்கும் அங்கால இரிக்கிற சூரியனெல்லாம். மிச்சம் ஒண்டும் இல்ல.”

அவனுக்குப் பதினேழு வயது. எனக்குப் பத்து. அவன் பள்ளிச் சட்டைப் பையில் அந்தப் பட்ஜைக் குத்திக்கொண்டு போவான். அதிபர் கழற்றச் சொன்னால் கழற்றி, படலையைத் தாண்டியதும் மறுபடி குத்துவான்.

அந்த வருடம் ஆமியின் சுற்றிவளைப்புகள் தொடங்கியிருந்தன. உங்களுக்கு நான் அதை விவரிக்கத் தேவையில்லை. விடிய எழும்பினால் வேலிக்கு அப்பால் சப்பாத்துச் சத்தம். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு. பெண்களும் பிள்ளைகளும் வேலியோரம் வெயிலில். எங்கள் அண்ணனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவசரத்தில் கையில் அகப்பட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அது பள்ளிச் சட்டை.

வேலியோரத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். மிச்சத்தைப் பிறகு அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். வரிசையில் வந்த அதிகாரி அண்ணனுக்கு முன்னால் நின்று, பட்ஜைப் பிடித்துத் தூக்கி, ரொக்கெட்டைப் பார்த்து, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்திருக்கிறார். “கொக்... மொக்.”

பின் வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டான். வேறொன்றுமில்லை, பழக்கம். அந்தப் பெயரைக் கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள். அதிகாரி அவனைக் கழுத்தில் பிடித்து, ஏன் சிரித்தாய் என்று அரைகுறைத் தமிழில் கேட்டிருக்கிறார். அவன் உண்மையைச் சொன்னான்.

“அது அவன்ட பேர் சேர். ஊரில எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுற.”

வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். அந்த நாள்களில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இயக்கப் பெயர். அண்ணனை லொறியில் ஏற்றினார்கள். அம்மா வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். லொறி போன புழுதி அடங்கும்வரை தெருவில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழும்பி வீட்டுக்கு வந்து, மாமா அனுப்பிய சஞ்சிகைகளை எல்லாம் கிணற்றுக்குப் பின்னால் குவித்து நெருப்பு வைத்தாள். வீட்டைச் சோதிக்க வருவார்கள், ரஷ்ய எழுத்து ஒன்றும் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தாள். என் பள்ளிப் பையைக் கவிழ்த்துக் கொப்பி உறைகளையும் உரித்தாள். மரப் பாவையும் அதற்குள் போனது. அந்தத் தாள் இலகுவில் பற்றாது. பற்றிய பிறகு பச்சையாக எரியும். கோதுமை வயல் சுருண்டு கறுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் அப்பா ஓடி வந்தார். சங்கக்கடையில் மனேஜர் அவர். எதையும் விளங்கப்படுத்தினால் விளங்கும் என்று நம்புகிற மனிதர். மைதானத்திலிருந்து விட்டதும் நேரே மாதா கோயில் பாதரிடம் போயிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“ஒரு பயமும் இல்ல. அந்தச் சொல்லத்தான் அவங்கள் பிழையா வாசிச்சிரிக்காங்க. பாதர் சொல்றார், உன்ட தம்பி அனுப்பின புத்தகத்தில ரொக்கெட் படத்தோட இதே சொல் இரிக்குமாம். கொண்டுபோய்க் காட்டுவம். எங்க அதுகள்?”

அம்மா கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். அப்பா போய் அந்தச் சாம்பலைத் தடியால் கிளறினார். ஒரு மூலை, ஒரு வரி மிஞ்சியிருக்கும் என்று குந்தியிருந்து கையாலும் கிளறினார். பிறகு அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

புத்தகம் இல்லாவிட்டால் ஆள்கள் என்று அப்பா முடிவெடுத்தார். அந்தச் சொல்லைத் தெரிந்தவர்களைத் தேடினார். பாதர் குருமடத்தில் கிரேக்கம் படித்தவர். அந்தச் சொல் பிறந்ததே கிரேக்கத்தில்தானாம், ரஷ்யாக்காரனும் வெள்ளைக்காரனும் அங்கிருந்து எடுத்தார்களாம். துறையடியில் ஒரு கப்பற்காரர் இருந்தார். கிரேக்கக் கப்பல்களில் நெடுங்காலம் வேலை செய்து, இடுப்பு உடைந்து ஊர் திரும்பியவர். அவரும் வருவதாகச் சொன்னார். சிங்களத்தில் பேசுவதற்குக் காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி நானாவைக் கேட்டார். நானா யோசித்தார், முகாம் வாசலுக்குப் போவது அவருக்கு மட்டும் லேசா என்ன? பிறகு துணி மூட்டையை எங்கள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, “வாங்க போவம். எனக்கும் புள்ள குட்டி இரிக்கி,” என்றார்.

பெண்பிள்ளை ஒன்று கூட வந்தால் சுடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

முகாம் வாசலில் மணல் மூட்டைகள். எங்களை ஒரு வேம்பின் கீழ் நிற்க வைத்தார்கள். அதிகாரி வந்தார். வயது அதிகமில்லை, மாமாவின் வயதுதான் இருக்கும். அப்பா கைகூப்பியபடி தொடங்கினார். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். சேர்ந்து சொல்லக்கூடாது, ஒவ்வொருவராக வந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும் என்றார். மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில், மேசையடியில். நான் சின்னப்பிள்ளை என்பதால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

அப்பா சொன்னார்: “பிரபஞ்சம் சேர். அண்டசராசரம் எல்லாம்.” நானா அதைச் சிங்களத்தில் சொன்னார்.

பாதர் சொன்னார்: “கிரேக்கத்தில் அதுக்கு முதல் அர்த்தம் ஒழுங்கு. அலங்காரம் எண்டும் சொல்லலாம். பெண்கள் நகை போட்டுச் சிங்காரிக்கிறதுக்கும் இந்தச் சொல்தான். எல்லாம் ஒழுங்கா, வடிவா இருக்கிறதால பிறகு உலகத்துக்கே அந்தப் பேரை வைத்தார்கள். வேதாகமத்தில் வருகிற உலகமும் இதே சொல்.” பாதர் பொய் சொல்லத் தெரியாதவர்; குறைத்துச் சொல்லவும் தெரியாதவர். நானா திணறித் திணறி ‘ஒழுங்கு’ என்றும் ‘நகை’ என்றும் ‘உலகம்’ என்றும் மொழிபெயர்த்தார்.

கடைசியாகக் கப்பற்காரர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார்.

“சனம் சேர். கிரேக்கன்ட கப்பல்ல நான் கேட்ட சொல். துறைமுகத்தில சனம் கூடி நிண்டா, ‘கொஸ்மோஸ், கொஸ்மோஸ்’ எண்டுதான் சொல்லுவான். சனம், ஆக்கள்.”

நானா தயங்கினார். கப்பற்காரரைப் பார்த்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி மேசையில் விரலால் தட்டினார். நானா சொன்னார்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “மக்கள்?” என்று அதை மட்டும் தமிழில் கேட்டார்.

“ஓம் சேர், மக்கள்,” என்றார் கப்பற்காரர், விளங்கிவிட்டதே என்ற சந்தோஷத்தில்.

அப்போது சில இயக்கங்களின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. அதிகாரி எங்கள் எல்லாரையும் ஒன்றாக நிற்க வைத்தார். அவர் பேசப் பேச நானா தமிழில் சொன்னார்.

“சேர் செல்றார்... ஒரு சொல்லுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் செல்றீங்களாம். பொய் செல்ல வந்தா, வழியில ஒண்டாப் பேசி வெச்சுக்கிட்டு வந்திரிக்கணுமாம். புள்ளயக் கேட்டா அவன் ரொக்கெட் பறக்கிற இடம் எண்டு செல்றானாம். இனி இந்தப் பக்கம் வரப்படாதாம்.”

அப்பா மண்ணில் விழுந்து கும்பிட்டார். “எல்லாம் ஒரே சொல்தான் சேர்! எல்லாம் உண்மை!” காவலுக்கு நின்றவன் துவக்கின் அடிப்பக்கத்தால் அவருடைய தோளில் இடித்தான். பாதர் அவரைத் தூக்கினார். வரும் வழி முழுக்கக் கப்பற்காரர் அழுதார். “நான் வேற என்னத்தச் சொல்ற? அவன் அப்பிடித்தான் சொல்லுவான்.”

இப்போது யோசித்தால், அவர் சொன்னதில் என்ன பிழை? ஊர் உலகம் என்ன சொல்லும் என்று நாமும்தானே கேட்கிறோம்? அங்கே உலகம் என்றால் சனம்தானே. அந்த மேசையடியில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் உண்மையைச் சொன்னதில்தான் அண்ணன் போனான். அப்பாவின் தவறு, அந்த மேசையில் கேட்கப்பட்டது அர்த்தம் என்று நினைத்தது. வாயை மூடிக்கொண்டு, யாராவது பெரிய மனிதரைப் பிடித்துச் சொல்விக்கப் போயிருக்க வேண்டும். சிலருடைய பிள்ளைகள் அப்படித்தான் வந்தார்கள்.

அண்ணனைத் தெற்கே எங்கோ ஒரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அம்மா சமைப்பதை நிறுத்தினாள். நான் பிட்டு அவிக்கப் பழகினேன். அப்பா சங்கக்கடைக்குப் போவார், வருவார். தோளை உயர்த்தமாட்டார்.

மாரி முடிந்து, வட்டையில் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஜீப் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்குத்தான் என்று அம்மா எழும்பி நின்றாள். அது எங்களைத் தாண்டிப் போய், கடைசி வீட்டில் நின்றது.

அந்தக் கடைசி வீட்டு மாமியை நான் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தூரத்து உறவு, கணவனை இழந்தவர். அவருக்கு ஒரே மகன். அண்ணனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பெரும் புயல் அடித்த வருடம், பத்து வயதில், அவனை வாவி கொண்டுபோய்விட்டது. தேடாத இடமில்லை, உடல் கிடைக்கவில்லை. மாமி அதற்குப் பிறகு அதிகம் பேசமாட்டார். வருடாவருடம் அவனுக்குப் படையல் வைப்பார்.

மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பால் இறங்கியவன் ஒரு பெயரை வாசித்து, எங்கே என்று தமிழில் கேட்டான். அது மாமியின் மகனின் முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. மாமி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க மனே கண்டீங்க? என்ட புள்ளய எங்க கண்டீங்க?”

அவன் கையை உதறினான். வீட்டைக் கவிழ்த்துத் தேடினார்கள். பானைகள் உடைந்தன. மாமி ஒன்றையும் பார்க்கவில்லை. போகிறவர்களின் பின்னால் ஒழுங்கை முனைவரை ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. “ஆமிக்காரன் சும்மா தேடி வருவானாகா?” என்று அம்மாவைப் பிடித்து உலுக்கினார். “என்ட மகன் இரிக்கான். இயக்கத்தில இரிக்கான். இரிக்கான் புள்ள!”

புயலில் பிள்ளையைப் பறிகொடுத்த வேறு வீடுகளுக்கும் அன்று ஜீப் போயிற்று. அவர்கள் பிள்ளைகளைப் புதைத்த இடத்தைக் காட்டி அழுதார்கள். மாமிக்குக் காட்ட இடம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமி மாறிப்போனார். வீட்டுக்கு வெள்ளை அடித்தார். அவருடைய சோற்றுப் பானை எப்போதும் இரண்டு பேருக்குக் கொதித்தது. துணி நானா வந்தபோது, “பதினேழு வயசுப் பொடியனுக்குச் சேட்டுக்கு எவ்வளவு துணி போகும்?” என்று கேட்டார். நானாவுக்கு எல்லாம் தெரியும். அவர் அளந்து வெட்டிக் கொடுத்தார். அந்த வருடம் மாமி படையல் வைக்கவில்லை.

இந்தியாவோடு ஒப்பந்தம் ஒன்று வந்து, பிடித்தவர்களில் கொஞ்சப் பேரை விட்டபோது அண்ணன் வந்தான். பாலத்தடியில் பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தவனை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. இடது காது கேட்காது. கைவிரல்களில் சில மடங்கா. சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையைச் சுற்றிக் கையை வளைத்து வைத்துக்கொள்வான். அம்மா ஊட்டிவிட்டாள், வாங்கினான்.

சில நாள் கழித்து, வாவிக்கரையில் அவனாகவே சொன்னான். அப்பாவிடம்தான் சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன்.

“கொக்மொக் யார், கொக்மொக் யார் எண்டு அடிச்சாங்க. அது சொல் எண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்தன். கடைசியில நான்தான் எண்டன். அதோட நிக்கும் எண்டு நினைச்சன். மறுகா, உன்னோட ஆரார் இருந்த எண்டு கேட்டாங்க. உசிரோட இரிக்கிற ஆரப்பா சொல்லுவன்? புயல்ல செத்தவங்கட பேரச் சொன்னன்.”

அப்பா அவனைக் கட்டிக்கொண்டார். “நல்லதுதான் செய்தாய் மனே,” என்றார். கடைசி வீட்டைப் பற்றி அவனுக்கு யார் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாள் மாமியே பால்சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணனும் இயக்கத்தில் இருந்தவன், தன் மகனைக் கண்டிருப்பான் என்று நம்பி வந்தார்.

“வளந்துட்டானா மனே? தகப்பனப் போல உயரமா?”

அண்ணன் எங்களைப் பார்த்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. எழும்பி, மாமியின் காலடியில் போய் இருந்தான்.

“மாமி, நான் அடி தாங்காம பொய் சொன்னன். அவன நான் காணல்ல. அவன் புயல்லயே போயிட்டான் மாமி.”

மாமி அவன் தலையைத் தடவினார். கோபமே இல்லை.

“உனக்குச் சொல்ல ஏலாது, எனக்குத் தெரியும். சத்தியம் வாங்கியிருப்பாங்க. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஒண்ட மட்டும் சொல்லு. சாப்பிடுறானா?”

அவன் மறுபடியும் சொன்னான். அழுது சொன்னான். பாதர் வந்து சொன்னார். மாமி எல்லாருக்கும் தலையாட்டினார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும். அதட்டல் இல்லை, சண்டை இல்லை. படலையைத் திறந்துகொண்டு வந்து, அவன் முன்னால் குந்தி, கண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எப்போதாவது ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார். படலைச் சத்தம் கேட்டால் அண்ணன் வாவியோரக் கண்ணாக் காட்டுக்குள் போய் நிற்பான். “முகாமில அடிச்சாங்க, அது முடிஞ்சிது. இவ கேக்கிறது முடியாது,” என்று அம்மாவிடம் சொன்னான்.

கடைசியில் அவன் ஊரில் இருக்க முடியாமல் போனது ஆமிக்காரனால் அல்ல. அம்மா எனக்கென்று வைத்திருந்த சங்கிலியையும் காப்பையும் கொடுத்து அவனைக் கட்டாருக்கு அனுப்ப ஒழுங்கு செய்தாள். மாமிக்குச் சொல்லவில்லை. ஆனால் ஊரில் எதை மறைக்கலாம்?

காலை பஸ். தெருவில் நாங்கள் நின்றோம். பஸ் தூரத்தில் தெரிந்தபோது மாமி ஓடி வந்தார், கையில் மடித்த ஒரு சேட்டு. நீலக் கோடு போட்டது, புதுத் துணியின் கஞ்சி போகாதது.

“எங்க போறாய் எண்டு நான் கேக்கமாட்டன் மனே. இத அவனிட்டக் குடு. அளவு பிழையெண்டா பக்கத்தால பிரிக்கலாம், துணி விட்டுத்தான் தைச்சிரிக்கு. அம்மா கோவமில்லயாம், வரச் சொன்னாவாம் எண்டு சொல்லு.”

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கத்தினான். அப்பா அண்ணனின் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். அண்ணன் படியில் ஒரு காலை வைத்தபடி மாமியைப் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ நாள் அழுது அழுது அவருக்கு உண்மையைச் சொன்னவன். மடங்காத விரல்களால் அந்தச் சேட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

“ஓம் மாமி,” என்றான். “கண்டவுடன குடுக்கிறன். நல்லா இரிக்கான். உங்களத்தான் கேட்டுக்கிட்டே இரிப்பான்.”